அக்னி மூலை பார்க்கும் டிஷ்கள்



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஜி.என்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரும்புக் கம்பெனிகள், அதுக்குப் பின்னாடி வரிசையா லைன் வீடுகள். தகரக் கூரை, ஒரு ரூமுக்கு அஞ்சாறு பேர், வெளியே கொடியில் காயும் யூனிஃபார்ம். கொஞ்சம் நிமிர்ந்து கூரையைப் பாருங்க. புது டிஷ், பெயின்ட் உரிஞ்ச டிஷ், கல்லை வெச்சு முட்டுக் கொடுத்த டிஷ் என்று வகை வகையா இருக்கும். முக்கால்வாசி ஒரே பக்கம் பார்த்து நிக்கும். தென்கிழக்கு. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னா அக்னி மூலை. உள்ளே இருப்பது பீகார், ஒடிசா, அசாம், வங்காளத்துத் தம்பிகள். ஓடுவது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். ஒரு தடவை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினா சரி, மாசக் கட்டணம் கிடையாது.

நாலு தெரு தள்ளி நம்ம ஆளுங்க வீடு. அங்கே கேபிள், இல்லைன்னா காசு கட்டுற டிடிஎச். வானத்துல இருந்து சும்மா கொட்டுறதை வெளியூர்க்காரர் பிடிச்சுக்கிறார், உள்ளூர்க்காரர் மாசாமாசம் பணம் கட்டுறார். இது எப்படி ஆச்சு? டிஷ்ஷைத் திருப்பி வைப்பது பற்றி எழுதச் சொன்ன நண்பர்களுக்கு அதுவும் நடுவில் வரும். கொஞ்சம் பழைய கதை பேசிட்டு மாடிக்கு ஏறலாம்.

கதை ஆரம்பிப்பது ஆர்தர் சி. கிளார்க்கில் இருந்து. 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சாட்டிலைட்டை நிறுத்தினா, அது பூமி சுத்துற வேகத்துக்கே சுத்தும், கீழே இருக்கிறவனுக்கு நகராம நிக்கிற மாதிரி தெரியும் என்பதுதான் சாரம். நகராம நிக்கிறதாலதான் நாம ஒரு தடவை திருப்பி நட்டை முறுக்கிட்டு நிம்மதியா கீழே இறங்க முடியுது. கிளார்க் 1956ல் இலங்கைக்குக் குடிவந்து 2008ல் சாகும் வரை அங்கேதான் இருந்தார். 1975ல் நம்ம இஸ்ரோ ஆளுங்க கொழும்பில் அவர் வீட்டுக்கே போய் ஒரு பெரிய டிஷ் வெச்சுக் கொடுத்தாங்க. இலங்கையில் டி.வி. நிலையம் தொடங்கியதே 1979ல்தான். சொந்தமா நிலையமே இல்லாத தீவில் ஒரு வீட்டில் மட்டும் டி.வி. ஓடியிருக்கு, அதுவும் நேரா வானத்துல இருந்து!

அவர் பிடித்தது நம்ம 'சைட்' திட்டத்தின் நிகழ்ச்சிகளை. (அந்த சைட் இல்லீங்க, மனசை அடக்குங்க.) நாசா தன்னோட ஏடிஎஸ்-6 சாட்டிலைட்டை ஒரு வருஷத்துக்கு இரவல் கொடுத்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, 6 மாநிலங்களில் 2,400 கிராமங்கள். ஊருக்கு ஒரு டி.வி. பெட்டி. மூணு மீட்டர் அகல டிஷ்ஷைச் செய்தது கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையில். சிரிக்காதீங்க, அதுல கணக்கு இருக்கு. அந்த அலைவரிசையில் ஒரு அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அதைவிட ரொம்பச் சின்னதா இருந்தா, அலைக்கு அது ஓட்டையாவே தெரியாது, சுவர் மாதிரி மோதித் திரும்பும். இன்னைக்கு நம்ம சின்ன டிஷ்ஷில் விழும் அலை மூணு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் முழுத் தகடு.

அந்த 6 மாநிலங்கள்: ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. நமக்கு அதே 1975 ஆகஸ்ட் 15ல் மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்தது, டவர் வழியா. மொட்டை மாடியில் மீன்முள் ஆன்டெனா, காத்தடிச்சா ஒருத்தர் மேலே ஏறித் திருப்ப, கீழே இருந்து இன்னொருத்தர் "இன்னும் கொஞ்சம், ஆங், போச்சு போச்சு" என்று கத்த... அந்தத் தலைமுறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, பீகாரும் ஒரிசாவும் வானத்தைப் பார்த்து ஆரம்பிச்சாங்க, நாம மெட்ராஸைப் பார்த்து ஆரம்பிச்சோம். 50 வருஷம் கழிச்சு லைன் வீட்டுக் கூரையில் நிக்கிறதுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பட்டியலைப் பார்த்தப்போ கொஞ்சம் நேரம் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

அடுத்த திருப்பம் ஒரு செகண்ட் ஹேண்ட் சாட்டிலைட்டால் வந்தது. வெஸ்டார்-6 என்று ஒன்றை 1984 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போய் விட்டார்கள். மோட்டார் சரியாக எரியாமல் தப்பான சுற்றுப்பாதையில் மாட்டிக்கொண்டது. அதே வருஷம் நவம்பரில் டிஸ்கவரி ஓடத்தில் போன வீரர்கள் அதைக் கையால் பிடிச்சு, பூமிக்கே திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. பழுது பார்த்து, கை மாறி, 1990 ஏப்ரலில் சீனாவின் லாங் மார்ச் ராக்கெட்டில் மறுபடி மேலே போனது. புதுப் பேர் ஏஷியாசாட்-1. நம்ம பாரிமுனை பஜார்ல பழைய ரேடியோவை வாங்கி, சரி பண்ணி, பாலிஷ் போட்டு வித்த கதைதான், அளவு மட்டும் பெருசு. 1991ல் ஸ்டார் டி.வி. அதில்தான் வந்தது. அதே வருஷம் வளைகுடாப் போரை சிஎன்என் வீட்டுக்குள்ளே காட்டிய பிறகு தெருவுக்குத் தெரு கேபிள்காரர் முளைத்தார்.

எங்க தெரு கேபிள்கார அண்ணன் மாடியில் பன்னெண்டு அடி டிஷ் வெச்சிருந்தார். அதைத் திருப்ப நாலு பேர் வேணும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற எனக்கு வேலை நட்டு எடுத்துக் கொடுக்கிறது, சம்பளம் ஒரு கோல்டு ஸ்பாட். கும்மிடிப்பூண்டியில் இருந்து ஏஷியாசாட்டுக்கு நல்லா கிழக்கே சாயணும், பழவேற்காட்டுக்குச் சற்றுத் தெற்கே. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு சன் டி.வி. வந்த பிறகு கேபிள் இல்லாத வீடு வீடே இல்லைன்னு ஆச்சு. இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. வானத்தைப் பார்த்தது கேபிள்காரர் டிஷ் மட்டும்தான். நம்ம வீடுகள் எல்லாம் அவரைப் பார்த்தபடி. அந்தப் பழக்கம் இன்னும் போகலை.

சின்ன டிஷ் ஏன் அப்பவே வரலைன்னு கேட்டா, அது சட்ட விரோதமா இருந்தது. நிஜமாத்தான்! சின்ன டிஷ்ஷுக்கு கு-பேண்ட் வேணும், 11, 12 கிகாஹெர்ட்ஸ். பெரிய டிஷ்ஷின் சி-பேண்ட் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். முர்டாக்கின் கம்பெனி கு-பேண்டில் டிடிஎச் தொடங்க ஆயத்தம் ஆனபோது, 1997 ஜூலையில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டது. 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே டி.வி. பிடிக்கும் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. அதாவது பன்னெண்டு அடி டிஷ் வெச்சா தப்பில்லை, ரெண்டடி டிஷ் வெச்சா குற்றம். 2000 நவம்பரில்தான் அனுமதிக்க முடிவெடுத்தாங்க, 2001 மார்ச்சில் விதிமுறை வந்தது. அந்த இடைவெளியில் கேபிள் இன்னும் ஆழமா வேர் விட்டாச்சு.

2004 டிசம்பர் 16. பிரதமர் மன்மோகன் சிங் டிடி டைரக்ட் பிளஸ்ஸைத் தொடங்கி வைத்தார். இன்றைய ஃப்ரீ டிஷ்ஷின் பழைய பேர் அது. கேபிள் போகாத கிராமங்களுக்காகக் கொண்டுவந்தது. என்எஸ்எஸ்-6 என்ற சாட்டிலைட்டில், கிழக்கு 95 பாகையில் இருந்து வந்தது. 2007 மார்ச்சில் இன்சாட்-4பி மேலே போனதும் 93.5 பாகைக்குக் குடிமாறியது. அதே சாட்டிலைட்டில்தான் அந்த வருஷக் கடைசியில் சன் டைரக்ட்டும் ஆரம்பித்தது. ஒரே வானம், ஒரே திசை, ஒண்ணுக்குக் காசு, ஒண்ணு இலவசம்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நம்ம மாநிலத்தில் நடந்ததை யோசிச்சுப் பாருங்க. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அந்த வருஷம் செப்டம்பர் 15 முதல் இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்திலும் குடும்பம் குடும்பமா வரிசையில் நின்னு வாங்கினாங்க. பெட்டி இலவசம், பெட்டிக்குள்ள வர்ற படத்துக்கு மாசாமாசம் காசு. அப்போ தலைக்கு மேலே இலவச சிக்னல் ஒண்ணு ஏற்கெனவே ரெண்டு வருஷமா வந்துக்கிட்டு இருக்கு. பெட்டியோடு ஒரு டிஷ்ஷும் கொடுத்திருந்தா என்ற பேச்சு எங்க பக்கம் டீக்கடையில்கூட எழுந்ததில்லை. கொடுத்திருந்தாலும் அதில் வரும் தமிழ் எவ்வளவு என்ற கேள்வி இருக்கு. அதுக்கு வர்றேன்.

2010 ஜூலையில் இன்சாட்-4பியின் சூரியத் தகடு ஒன்றில் கோளாறு, பாதி மின்சாரம் போச்சு. சன் டைரக்ட் 91.5 பாகையில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்குத் தாவியது. தமிழ்நாடு முழுக்க டிஷ்ஷைத் திருப்பும் வேலை. வானத்தில் ரெண்டு பாகைதான், ஆனா நம்ம ஊரில் இருந்து பார்த்தா திசையில் கிட்டத்தட்ட அஞ்சு பாகை. ரெண்டு இன்ச் பைப்பின் சுற்றளவில் அது எவ்வளவு தெரியுமா? ரெண்டு மில்லிமீட்டர்! அந்த ரெண்டு மில்லிமீட்டருக்காக ஏணியோடு எத்தனை பேர் எத்தனை வீடு ஏறியிருப்பாங்க!

சரி, இப்போ நாமும் ஏறலாம்.

ஃப்ரீ டிஷ் இப்போது வருவது ஜிசாட்-15ல் இருந்து, 2015 நவம்பரில் ஏவப்பட்டது, அதே 93.5 பாகை. கும்மிடிப்பூண்டியின் அட்சரேகை 13.4, தீர்க்கரேகை 80.1. சாட்டிலைட்டுக்கும் நமக்கும் தீர்க்கரேகை வித்தியாசமும் 13.4! ரெண்டும் சமமா அமைஞ்சதால திசை கிட்டத்தட்ட மூலைக்குச் சரியா தென்கிழக்காக விழுது: வடக்கில் இருந்து 134 பாகை. கும்மிடிப்பூண்டியில் நின்னு பொன்னேரி பக்கம் பாருங்க, அதுதான். திருவள்ளூர்க்காரங்க பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில். வாஸ்து பார்த்துக் கட்டின வீடுன்னா இன்னும் சுலபம், சமையலறை எந்த மூலையோ அந்தப் பக்கம். காம்பஸை ரொம்ப நம்பாதீங்க. காங்கிரீட் கம்பியும் தகரக் கூரையும் ஊசியை இழுக்கும், சிப்காட் பக்கம் கேக்கவே வேணாம்.

உயரக் கோணம் 68 பாகை. கிட்டத்தட்ட உச்சி. இங்கதான் இன்டர்நெட்டில் வெள்ளைக்காரன் போடுற வீடியோவைப் பார்த்து வைக்கிறவங்க தடுமாறுவாங்க. லண்டனில் சாட்டிலைட் அடிவானத்தில் இருந்து 25 பாகைக்குக் கிட்டதான், டிஷ் சுவரோடு சுவரா நிமிர்ந்து நிக்கும். நமக்கு அப்படி இல்லை. அதுக்காக தட்டை 68 பாகைக்குச் சாய்க்கவும் கூடாது. இந்தச் சின்ன டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லாம கீழே நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதனால தட்டு பார்க்கிற இடத்தைவிடச் சுமார் 24 பாகை மேலே இருந்து சிக்னல் வாங்கும். 68ல் 24 போக 44. செங்குத்தில் இருந்து அவ்வளவு சாய்த்தா போதும். ஸ்டாண்டில் போட்டிருக்கும் அளவுகோலில் சில கம்பெனி இந்தக் கழித்தலைச் செய்தே கொடுக்கும், சிலது செய்யாது. தட்டைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி பைப் செங்குத்தா நிக்கணும். கொத்தனார்கிட்ட தூக்குக்குண்டு வாங்கிப் பாருங்க. பைப் சாய்ஞ்சா இந்த எண் எதுவும் வேலைக்காகாது.

அடுத்து யாரும் சொல்லாத விஷயம், எல்என்பியின் திருப்பம். சாட்டிலைட் நேர் தெற்கில் இருந்தா எல்என்பியை நேரா வெச்சா போதும். நமக்கு அது தென்கிழக்கில் சரிவில் நிக்குது, அதனால அங்கிருந்து வரும் அலையும் சாய்ஞ்சு வருது. கணக்குப்படி நம்ம ஊருக்கு 44 பாகை. டிஷ்ஷின் பின்னால் நின்னு வானத்தைப் பார்க்கிறவருக்கு இடஞ்சுழியாத் திருப்பணும். டெல்லிக்காரருக்கு 27 பாகைதான், கொஞ்சம் விட்டாலும் தப்பிச்சுக்குவார். நாம நேரா விட்டுட்டா வேண்டிய சிக்னலில் பாதி போயிடும், வேண்டாததில் பாதி உள்ளே வரும். மாடியில் ரெண்டு மணி நேரம் போராடி "டிஷ் சரியில்ல" என்று திரும்பக் கொடுத்தவங்க பல பேருக்கு இதுதான் காரணமா இருக்கும்.

பாக்ஸில் எல்என்பி 9750/10600 என்று வைங்க. திரையில் ரெண்டு கோடு வரும். 'ஸ்ட்ரென்த்' வயர் போட்டாலே ஏறி நிக்கும், அதைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. 'குவாலிட்டி' தான் பேசணும். டிஷ்ஷை ஒரு நூல் திருப்பி, மூணு எண்ணி, அப்புறம் பாருங்க. பாக்ஸுக்கு யோசிக்க நேரம் வேணும். ரெண்டடி டிஷ்ஷின் பார்வை அகலமே சுமார் மூணு பாகைதான். வேகமா சுத்தினா தாண்டிப் போயிடும்.

மரமோ டேங்கோ மறைக்குதான்னு பார்க்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. மார்ச் நடுவில் காலை பதினொண்ணே கால் வாக்கில் (செப்டம்பர் கடைசியில்னா பதினோரு மணி) சூரியன் நம்ம ஊருக்கு இந்த சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிக்கும். அந்த நேரம் டிஷ் வைக்கப் போற இடத்தில் வெயில் விழுந்தா வழி சுத்தம். நிழல் விழுந்தா இடத்தை மாத்துங்க. அதே நாட்களில் சில நிமிஷம் படம் கலங்கினா பயப்படாதீங்க, சூரியனோட இரைச்சல். ஐப்பசி கார்த்திகை மழைக்கு என்ன செய்தாலும் கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும். கனெக்டரில் டேப் சுத்தி வைங்க, நம்ம பக்கம் இரும்புத் தூசியும் உப்புக் காத்தும் சேர்ந்து ஒரே வருஷத்தில் தின்னுடும்.

டிஷ் நின்னாச்சு. இப்போ பழைய கேள்வி. தமிழ் எவ்வளவு?

டிடி தமிழ் உண்டு (பொதிகைதான், 2024 ஜனவரியில் பேர் மாறிச்சு). ஐஐடி பாடங்கள் வரும் ஸ்வயம் பிரபாவும் இதே சாட்டிலைட்தான். அதுக்கு அப்பால் தனியார் தமிழ்ச் சேனல் என்று பார்த்தா விரல் விட்டு எண்ணலாம். நீங்க ராத்திரி பார்க்கிற சீரியல் வராது. ஆனா இந்தியும் போஜ்புரியும் கொட்டிக் கிடக்கும். காரணம் ஏலம். 2011 முதல் ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடத்தை ஆன்லைன் ஏலத்தில் விடுறாங்க. ஒரு இடம் வருஷத்துக்குக் கோடிகளில் போகுது. நாடு முழுக்க 4 கோடிக்கும் மேல் ஃப்ரீ டிஷ் வீடுகள், பெரும்பகுதி வடக்கே. அங்கே கொடுக்கிற காசை விளம்பரத்தில் எடுத்துடலாம். பெரிய நெட்வொர்க்குகளின் இந்திச் சேனல்களே 2019ல் வெளியே போய், 2020ல் திரும்பி வந்து, 2022 ஏப்ரலில் மறுபடி வெளியே போனது. சந்தா வருமானமா விளம்பரமா என்ற கணக்குதான் எல்லாம்.

தமிழ்ச் சேனல்காரருக்கு அந்தக் கணக்கே எழவில்லை. இங்கே கேபிள் நுழையாத தெரு கிடையாது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தபோது இலவச டிஷ்ஷுக்கு இருந்த கொஞ்சநஞ்ச காரணமும் போச்சு. 2019 பிப்ரவரியில் டிராய் விதி மாறி அடிப்படைக் கட்டணமே 130 ரூபாயும் வரியும் என்று ஆனப்போ விலை ஏறிச்சுதான், ஆனா அதுக்குள்ள மாடியில் ஏறும் பழக்கம் நமக்கு விட்டுப்போச்சு. பார்க்கிறவன் இல்லைன்னு சேனல் வராது, சேனல் இல்லைன்னு பார்க்கிறவன் வர மாட்டான். எனக்குத் தனியார்மேல கோவம் இல்லை, அவங்க கடை நடத்துறாங்க. நம்ம வரிப்பணத்தில் ஓடும் சாட்டிலைட்டில் தமிழுக்கு, தெலுங்குக்கு, ஒரியாவுக்கு என்று குறைந்த விலையில் சில இடங்களை முதல்லயே ஒதுக்கி வளர்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். இந்திக்காரர் கொடுக்கும் விலையோடு போட்டி போடச் சொன்னா எந்தச் சின்னத் தமிழ்ச் சேனல் வரும்?

ஒரே ஒரு விஷயத்துக்காக நம்ம ஆளுங்களும் அக்னி மூலையைப் பார்க்கிறாங்க. கிரிக்கெட். 2007 சட்டப்படி முக்கியமான இந்திய மேட்ச்களைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிரணும். 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அந்தப் படம் தூர்தர்ஷனின் சொந்த டவரிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் போகலாம், தனியார் கேபிள் வழியா போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அனலாக் டவர்களையும் 2022 வாக்கில் பெரும்பாலும் மூடியாச்சு. மிச்சம் டிஷ். உலகக் கோப்பை நெருங்கினா எங்க தெருவில் ரெண்டு மூணு பேர், "சார், அந்தப் பொன்னேரி பக்கம் திருப்புற டிஷ்ஷு ஒண்ணு வெச்சுக் கொடுங்களேன்" என்று வருவாங்க. தூக்குக்குண்டோடு போய் வெச்சுக் கொடுத்துட்டு வருவேன். ஃபைனல் முடிஞ்ச மறுநாள் பாக்ஸைக் கழட்டி அலமாரி மேலே வெச்சுட்டு, கேபிள் வயரை மறுபடி சொருகிடுவாங்க.